மிச்ச பெயின்ட்: உள்ளூர் நிர்வாகம் திரும்ப எடுப்பதா, கம்பெனிகளே எடுப்பதா?

அமெரிக்க வீடுகளில் அடித்தது போக மிஞ்சிய பெயின்ட், மூடி ஓரம் துருப்பிடித்து, மேலே ஆடை படிந்து, கராஜ் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்கும். முன்பெல்லாம் அதைப் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பல ஊர்களில் அது எப்போதாவதுதான் திறந்திருக்கும், செலவோ வரிப்பணம், அதாவது பெயின்டே வாங்காதவர் பணமும் சேர்த்து.

2009-ல் ஆரிகன் மாநிலம்தான் முதலில் சட்டம் போட்டுப் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் கொடுத்தது. அவர்களுடைய சங்கமே அதை ஆதரித்து, பெயின்ட்கேர் என்ற லாபநோக்கமற்ற அமைப்பை உருவாக்கியது, 2010-ல் வேலை தொடங்கிவிட்டது. புது டப்பா விலையிலேயே ஒரு சின்னக் கட்டணம் சேரும் (ஆரம்பத்தில் கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 75 சென்ட்), அப்புறம் மிச்சத்தை இத்திட்டத்தில் சேர்ந்த பக்கத்து பெயின்ட் கடையிலேயே இலவசமாகக் கொடுத்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள லேடெக்ஸ் பெயின்டை (தண்ணீரில் கலந்த வகை) நிறவாரியாகப் பிரித்துக் கலந்து மறுபடி பெயின்டாக்குகிறார்கள். எண்ணெய் பெயின்ட் பெரும்பாலும் எரிபொருளாகப் போகிறது.

கட்டணம் கடைசியில் வாங்குபவர் தலையில்தானே என்றால், ஆமாம், ஆனால் அதுதான் நியாயம், என் ஓட்டு இதற்குத்தான். சரி, கடையில் எடுக்காத கசியும் டப்பா, பூச்சிமருந்து? அதற்கு இன்றும் பழைய மையம்தான்.