"லினக்ஸுக்கென்றே செய்த யோக் செட்" என்று யாராவது விற்றால்

கணினியில் விமானம் ஓட்டுகிற ஃபிளைட் சிமுலேட்டருக்கான யோக் (விமானத்தின் ஸ்டீயரிங் மாதிரியான கைப்பிடி), த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல்), ரட்டர் பெடல் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிப்பது) மூன்றையும் சேர்த்து "லினக்ஸுக்கென்றே செய்த செட்" என்று ஒரு வலைத்தளப் பக்கத்தில் விற்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற இலவச இயங்குதளம். 38,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்த யோக்குக்குள் இருந்தது ஒரு மலிவு கேம்பேடின் (வீடியோ கேம் ஆடுகிற கைக்கருவி) போர்டு. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தச் செட் எப்படி இருக்கும், அவர் என்னென்ன சொல்லுவார் என்பதெல்லாம் இங்கே இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் குறிவைத்துத்தான் விற்கிறார்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளி. கடற்படையின் விமான நிலையமான ஐஎன்எஸ் பருந்து இங்கேதான் இருக்கிறது. 2009-ல் அந்தப் பெயரோடு முழு நிலையமாக ஆனது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலே தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகும். விமானப் பைத்தியம் பிடிக்க வேறு காரணம் வேண்டாம். வீட்டுக் கணினியில் பல வருடமாக லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்தான். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்கு லினக்ஸ் பதிப்பு நேரடியாகவே வருகிறது. ஃபிளைட்கியர் என்ற இன்னொரு சிமுலேட்டர் முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். ஆகவே விண்டோஸ் பக்கம் போகிற தேவையே வரவில்லை. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ ஜாய்ஸ்டிக்கை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அடுத்ததாக ஒரு யோக் வாங்க ஆசை.

பணம் கட்டுமுன் அந்த ஆளிடம் வாட்ஸப்பில் கேட்டேன்: எந்தக் கம்பெனி? கைப்பிடியின் அசைவை அளப்பது ஹால் சென்சாரா (காந்தத்தை வைத்து அளப்பது), பொட்டன்ஷியோமீட்டரா (உரசி அளப்பது, தேயும்)? லினக்ஸில் என்ன வேண்டும்? பதில் எல்லாம் எழுத்திலேயே வந்தது. "பெரிய கம்பெனிக்குப் பண்ற அதே ஃபேக்டரி மால்ணே. ஹால் சென்சார்தான். லினக்ஸ் டிரைவர் நாங்களே எழுதினது, வேற யார்கிட்டயும் கிடைக்காது." அந்த டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கிற மென்பொருள்) தனியாக ஒரு பென்டிரைவில், 2,500 ரூபாய். அதுவும் இந்த 38,500-க்குள்தான்.

முதலில் அந்த டிரைவர் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நிறையப் பேர் மயங்குவார்கள். யுஎஸ்பியில் வருகிற யோக், ஜாய்ஸ்டிக், பெடல் எல்லாம் ஹெச்ஐடி என்கிற பொது விதிப்படி பேசுபவை. கீபோர்டு, மவுஸ் பேசுகிற அதே விதி. தன்னிடம் எத்தனை அச்சு (அசைகிற திசை), எத்தனை பட்டன், ஒவ்வொன்றும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகும் என்பதைக் கருவியே சொல்லிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதைப் படித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடும். தனி டிரைவர் என்று ஒன்றுமே தேவையில்லை. விளக்கும் எண் திரையும் உள்ள ரேடியோ பேனல், ஸ்விட்ச் பேனல் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு பிளகின் (சிமுலேட்டரோடு சேர்க்கிற துணை நிரல்) தேவைப்படும். சைடெக் கம்பெனியின் பேனல்களுக்கு எக்ஸ்-பிளேனில் அப்படி ஒன்று லினக்ஸிலும் ஓடுகிறது, அதுவும் இலவசம்தான். வெறும் யோக்குக்கு ஒருவர் டிரைவர் விற்கிறார் என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

சரி, செட் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கனமாகவும் இருந்தது. பெட்டியின் அடியில் கம்பெனி ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. யோக்கைச் செருகிவிட்டு கட்டளை அடிக்கிற டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடித்தேன். இணைந்திருக்கும் ஒவ்வொரு யுஎஸ்பி கருவிக்கும் ஒரு வரி வரும், அதில் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். லாஜிடெக் என்றால் 046டி, சைடெக் என்றால் 06ஏ3, த்ரஸ்ட்மாஸ்டர் என்றால் 044எஃப். எனக்கு வந்தது 0079:0006. பக்கத்திலேயே "பிசி ட்வின் ஷாக் கேம்பேட்" என்று போட்டிருந்தது. சில நூறு ரூபாய்க்கு விற்கிற கேம்பேடுகளில் இருக்கிற பொதுவான சிப் அது. அந்த விலைக்கு அது நல்ல சிப்தான், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்து ஈவிடெஸ்ட் (evtest) என்ற கட்டளை. கருவியை அசைக்க அசைக்க அது அனுப்புகிற எண்கள் திரையில் ஓடும். அச்சின் எல்லை 0 முதல் 255 வரை என்று காட்டியது. என் பழைய ஜாய்ஸ்டிக்கிலேயே 0 முதல் 1023 வரை இருக்கிறது. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மொத்தமே 256 படி என்றால், தரையிறங்கும்போது கொடுக்கிற மெல்லிய திருத்தமெல்லாம் படிக்குப் படி குதித்துத்தான் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யோக்கைக் கையால் தொடாமல் விட்டுவிட்டுப் பார்த்தேன். 128-ல் நிற்க வேண்டியது 131, 126, 139, 127, 152 என்று தானாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஜாய்ஸ்டிக்குக்குக் கர்னல் நடுவில் 15 எண் அளவு அசைவைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வைத்திருக்கும். ஆட்டம் அதையும் தாண்டியது.

சிமுலேட்டரில், மதுரையில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைக் கிளப்பி பாம்பன் பாலம் வரை வருவது என் வழக்கமான பயணம். நேர்க்கோட்டில் சுமார் 135 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இந்த யோக்கோடு கிளம்பினால் பரமக்குடி தாண்டுவதற்குள் விமானம் வலப்பக்கம் சாயத் தொடங்கிவிடும். திருத்தித் திருத்திக் கை ஓய்ந்து போய்ப் பார்த்தால் கீழே ஏர்வாடி கடற்கரை.

திறந்து பார்த்தேன். திறந்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லியிருந்தார், அதனால் ஸ்க்ரூவைக் கழற்றுவது முதல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒரு கேம்பேடின் பச்சை போர்டு. பட்டன்கள் உட்காருகிற கறுப்பு வட்டங்கள் அதில் அப்படியே இருந்தன. மேலே கைபிடிக்கிற இரண்டு கொம்பு மாதிரி பாகத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். கட்டைவிரல் குச்சி இருந்த இடத்திலிருந்து மெல்லிய ஒயர்களை இழுத்து இரண்டு பொட்டன்ஷியோமீட்டரில் பற்றவைத்து, மேலே ஹாட் குளூவைக் கொட்டியிருந்தார்கள். அதில் ஒரு ஒயர் தொட்டால் ஆடியது. ஹால் சென்சார் எங்கேயும் இல்லை, காந்தம்கூட இல்லை.

பெடலைப் பற்றி மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பழையதுதான், ஆனால் உண்மையான கம்பெனிப் பொருள். செருகியபோது சிமுலேட்டரில் தெரியவில்லை. கேட்டதற்கு "பெடலுக்குப் புரோ டிரைவர் போடணும்ணே, 1,800 ஆகும்" என்றார். அதற்கு ஒரு பைசாவும் தேவையில்லை. பட்டனே இல்லாமல் மூன்று அச்சு மட்டும் உள்ள கருவியைப் பார்த்தால், லினக்ஸில் கருவிகளை வகை பிரிக்கிற யுடெவ் அதை சாய்வு உணர்கிற சென்சார் என்று எடுத்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக் பட்டியலில் சேர்க்காது. ரட்டர் பெடல் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழைய தொல்லை இது. இந்த நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் உள்ள கருவி ஜாய்ஸ்டிக், சென்சார் இல்லை என்று யுடெவ் விதிக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் போதும். பெடல் இன்று வரை ஒழுங்காக ஓடுகிறது.

உண்மையில் என்னைப் பதற வைத்தது யோக் இல்லை, அந்தப் பென்டிரைவ். அதில் ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட் இருந்தது, சூடோ (முழு நிர்வாகி அதிகாரம்) கொடுத்து ஓட்டச் சொல்லியிருந்தார். ஓட்டவில்லை, எடிட்டரில் திறந்து படித்தேன். டிரைவர் என்று ஒன்றுமே இல்லை. இருந்தது, எல்லா உள்ளீட்டுக் கருவிகளையும் எந்தப் பயனரும் எந்த நிரலும் படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதி கொடுக்கிற ஒரு யுடெவ் விதி. ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் என்று குறிப்பிடாமல் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தது. கீபோர்டும் அந்த எல்லாவற்றில் அடக்கம். அதாவது பின்னணியில் ஓடுகிற ஏதோ ஒரு சாதாரண நிரல்கூட நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும், வங்கிக் கடவுச்சொல் உட்பட, படிக்க முடியும். அடுத்த வரியில் தொலைவிலிருந்து கணினியை இயக்குகிற மென்பொருள் ஒன்றை நிறுவி, கணினி திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி வைத்திருந்தார். "சர்வீஸ் பண்றதுக்குத்தான்ணே" என்றார் கேட்டபோது. திருட்டா, அறியாமையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் கதவு திறந்ததுதான். ஏற்கெனவே ஓட்டியவர்கள் அந்த விதிக் கோப்பையும் அந்த மென்பொருளையும் இன்றே நீக்கிவிட்டுக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மாற்றுவதை வேறு கருவியிலிருந்து செய்யுங்கள்.

அதே பென்டிரைவில் "எங்கள் சொந்த சிமுலேட்டர்" என்று ஒன்றும் இருந்தது. முகப்புப் படமும் பெயரும்தான் புதிது. அதை ஓடவிட்டு இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் எஃப்ஜிஎஃப்எஸ் என்று தெரிகிறது. ஃபிளைட்கியரின் நிரல் பெயர் அது. ஃபிளைட்கியரின் உரிமம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், விற்பதற்குத் தடையில்லை. பெயரை மாற்றி, தான் எழுதியது என்று சொல்லி விற்பவர்களைப் பற்றி ஃபிளைட்கியர்காரர்களே பல வருடங்களுக்கு முன்பு அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் தளத்தில் போனால் இன்றைய பதிப்பே இலவசமாகக் கிடைக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அண்ணே" போய் "சார்" வந்தது. முதல் சாக்கு, "லினக்ஸ்னா கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கும், விண்டோஸ்ல போட்டுப் பாருங்க." லினக்ஸுக்கென்றே செய்தது என்று விற்றவர் சொல்கிற பேச்சு இது. நண்பர் ஒருவரின் விண்டோஸ் மடிக்கணினியில் போட்டும் காட்டினேன், அங்கேயும் அதே ஆட்டம். இரண்டாவது சாக்குத்தான் பிரமாதம். "நீங்க ராம்நாடு கடற்கரை சைடு, உப்புக் காத்துல சென்சார் போயிருக்கும், அதுக்கு வாரண்டி கிடையாது." உப்புக் காற்று இங்கே எல்லாவற்றையும் தின்னும், மறுக்கவில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஏசியின் வெளிப்பெட்டி எதையும் விடாது. ஆனால் பெட்டி பிரித்த அன்றே ஆடிய எண்ணுக்கு உப்பு என்ன செய்யும்? அதோடு, அவர் விற்றது ஹால் சென்சார். அதில் ஒன்றோடொன்று உரசுகிற பாகமே கிடையாது, காந்தப் புலத்தை அளப்பதோடு சரி. உள்ளே உரசித் தேய்கிற பொட்டன்ஷியோமீட்டர் இருப்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரிதான். இதைத் திருப்பி எழுதினேன். நீல டிக் விழுந்தது, அதன் பிறகு பதிலே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பென்டிரைவ் விஷயத்தைத் தனியாக சைபர் குற்ற எண் 1930-லும் சொல்லியாயிற்று. விற்றவர் வேறு ஊர் என்பதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம், நமக்கு ராமநாதபுரத்திலேயே. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. சாட் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது, பெட்டி பிரித்த வீடியோ, எல்எஸ்யூஎஸ்பி காட்டிய வரி நான்கும் என்னிடம் இருக்கின்றன.

யாரிடம் வாங்கினாலும் பணம் போடுமுன் எல்எஸ்யூஎஸ்பி வரியையும் ஈவிடெஸ்ட் காட்டுகிற அச்சு எல்லைகளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லினக்ஸ் டிரைவரே எழுதியவருக்கு அது அரை நிமிட வேலை. நிறுவன எண்ணைப் போலியாக எழுதவும் முடியும் என்பதால் எண் சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், எல்லையையும் பாருங்கள். நேரில் கடைக்குப் போவதாக இருந்தால் லைவ் யுஎஸ்பி (கணினியில் நிறுவாமலே லினக்ஸைத் துவக்குகிற பென்டிரைவ்) ஒன்றில் மின்டோ, இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவோ போட்டு எடுத்துப் போய், அங்கே இருக்கிற கணினியிலேயே பார்த்துவிடலாம். எக்ஸ்-பிளேனுக்கு இலவச டெமோ இருக்கிறது, உங்கள் கணினி தாங்குமா என்பதை அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

போன வாரம் அதே செட் வேறு பெயருள்ள பக்கத்தில் 34,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. படம்கூட மாற்றவில்லை: பின்னால் பச்சைத் திரை, மேசை ஓரத்தில் எவர்சில்வர் டம்ளர், யோக்கின் இடது கைப்பிடியில் சின்னதாக ஒரு கீறல். "சொந்த லினக்ஸ் டிரைவர்" என்ற வரியும் அப்படியே. ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மனுவாகப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தச் செட்டை வாங்கியவர்கள் பணம் கட்டிய ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.