ஜிரோனா மலையடிவாரச் சாலைகளில் ஐந்து வருடம்

வேலைக்காக ஜிரோனாவுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. ஸ்பெயினின் வடகிழக்கு மூலை, பார்சலோனாவுக்கும் பிரான்ஸ் எல்லைக்கும் நடுவில் இருக்கிற ஊர். வந்த மூன்றாவது மாதம் ஒரு ரோட் சைக்கிள் வாங்கினேன். அன்றிலிருந்து வருடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஓட்டியிருக்கிறேன். இங்கே வந்து ஓட்டலாமா, எந்த வழி நல்ல வழி என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பேரைக் கேட்டு ஓடி வருகிற ரோகாகோர்பா ஏற்றத்துக்காக நான் இந்த ஊரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து, எட்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக வருகிற பழைய கல் ஊர்களுக்காகவும், அவற்றை இணைக்கிற ஒற்றைச் சாலைகளுக்காகவும்தான் பரிந்துரைப்பேன். ஏற்றம் ஒரு முறை ஏறினால் ஏறியாகிவிட்டது. இந்தச் சின்னச் சாலைகள் அப்படியில்லை, இருநூறாவது முறை போனாலும் போகவேண்டும் போலத்தான் இருக்கிறது.

நான் அதிகம் ஓட்டியது எல்ஸ் ஆஞ்சல்ஸ் சுற்று. ஊரின் கிழக்கு விளிம்பைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். சுமார் 10 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 4 சதவீதத்துக்கும் கீழே, நடுவில் கொஞ்சம் இறங்கிக்கூட வரும். புதிதாக ஓட்டுகிறவர்களும் மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். கவாரஸ் என்கிற இந்தத் தாழ்ந்த மலைத்தொடர் முழுக்கத் தக்கை ஓக் மரங்கள். ஒயின் பாட்டிலுக்கு மூடியாகப் போடுகிறார்களே, அந்தத் தக்கை இந்த மரத்தின் பட்டைதான். கோடையில் கோடரியால் கீறி, சட்டையைக் கழற்றுவது போல அடிமரத்திலிருந்து உரித்தெடுப்பார்கள். உரித்த இடம் முதல் சில வாரம் செங்கல் நிறத்தில் இருக்கும், அப்புறம் ரத்தம் உறைந்த மாதிரிக் கறுக்கும், அதற்கும் பிறகு மெல்லச் சாம்பல் பூக்கும். என் முதல் கோடையில் ஒரு கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் இருந்த மரத்தை உரித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் கியர் இறக்கும்போது அதைப் பார்ப்பேன். ஐந்து வருடத்தில் பட்டை ஒரு விரல் கனம்கூட வரவில்லை. மறுபடி உரிக்க 12 முதல் 14 வருடம் ஆகும்.

உச்சியில் எல்ஸ் ஆஞ்சல்ஸ் என்கிற கிறிஸ்தவக் கோயில், அதை ஒட்டி ஒரு உணவகம். கோயில் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 485 மீட்டர். ஓவியர் டாலியும் அவர் துணைவி காலாவும் 1958-இல் சர்ச் முறைப்படி திருமணம் செய்துகொண்டது இங்கேதான். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனி மூடிய பிரனீஸ் மலை. நான் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, ஏனென்றால் கீழே மாத்ரமான்யா இருக்கிறது.

இறக்கம் வளைந்து வளைந்து காட்டை விட்டு வெளியே வரும்போது, தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல அந்த ஊர் தெரியும். அதற்கடுத்து மொனெல்ஸ். நாலாபுறமும் கல் வளைவுகள் தாங்கிய நிழல் நடைபாதை, நடுவில் வெறும் சதுக்கம். ஒரு காலத்தில் இங்கே பெரிய சந்தை கூடியிருக்கிறது, இந்த ஊரின் தானிய அளவையைத்தான் ஜிரோனா வட்டாரம் முழுக்க வைத்துக்கொண்டார்கள் என்கிறார்கள். சைக்கிளை ஒரு தூணில் சாய்த்துவிட்டு, தக்காளி தேய்த்த ரொட்டியும் ஒரு சின்னக் காப்பியும் வாங்கி அந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்தால் ஜூலை வெயிலிலும் முதுகில் கல்லின் குளிர் ஏறும். அங்கிருந்து மண்பாண்டத்துக்குப் பேர் போன லா பிஸ்பால், அங்கே வலது பக்கம் திரும்பி சாந்தா பெலாயா காட்டுச் சாலை, காசா தெ லா செல்வா, வீடு. மொத்தம் 60 கிலோமீட்டர் சொச்சம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் காட்டுவது இந்தச் சுற்றைத்தான்.

ரோகாகோர்பாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். பான்யோலஸ் ஏரியிலிருந்து ஏறத் தொடங்கி, உச்சியில் ஆன்டெனாக் கோபுரங்களில் போய் முடியும். கடைசி சில கிலோமீட்டர் 10 சதவீதத்தைத் தாண்டும், அங்கே பேச்சு நின்றுவிடும். தொழில்முறை வீரர்கள் பயிற்சி எடுக்கிற ஏற்றம் என்பதால் அதற்கு அவ்வளவு பேர். நான் பதினோரு முறை ஏறியிருக்கிறேன். வழியில் ஊர் இல்லை, கடை இல்லை, போன வழியிலேயே திரும்பவேண்டும். குளிர்காலத்தில் கீழே பத்து டிகிரி இருக்கிறதே என்று குளிருக்கான மேலாடை இல்லாமல் போய், இறங்கும்போது விரல் மரத்து பிரேக்கை அழுத்த முடியாமல் சாலையோரம் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் காலின் பலத்தை அளந்து பார்க்க வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள்.

நாள் முழுக்க நேரம் இருந்தால் கரோச்சா எரிமலைப் பக்கம் போகவேண்டும். ஜிரோனாவிலிருந்து பான்யோலஸ், அங்கிருந்து மியேரஸ் வழியாக சாந்தா பாவ், ஓலோட், திரும்பும்போது காஸ்டெல்ஃபோலித், பெசலு. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பான்யோலஸிலிருந்து சாந்தா பாவ் போகிற அந்த 25 கிலோமீட்டரைத்தான் நான் இந்தப் பகுதியின் மிக நல்ல சாலை என்று சொல்வேன். பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம், சரிவு எங்கேயும் காலைப் பிடித்து இழுக்காது, பக்கத்தில் மாடு மேயும், கழுத்து மணிச் சத்தம் வளைவுக்கு வளைவு கூடவே வரும். இங்குள்ள எரிமலைகள் அணைந்து பத்தாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கறுப்பு மண்ணில் விளைகிற சின்ன வெள்ளை பீன்ஸ்தான் சாந்தா பாவின் பெருமை, மதிய உணவுக்கு அதை விடாதீர்கள். காஸ்டெல்ஃபோலித்தில் 50 மீட்டர் உயரக் கரும்பாறை விளிம்பில் வீடுகள் வரிசையாக நிற்பதைக் கீழே ஆற்றுப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்க்கவேண்டும், ஊருக்குள் நின்றால் அது தெரியாது.

பெசலுவில் இறங்கிவிடுங்கள். ஃப்ளூவியா ஆற்றின்மேல் இருக்கிற அந்தப் பாலம் நேராகப் போகாது, நடுவில் முழங்கை மாதிரி மடங்கும். ஆற்றுப் படுகையில் பாறை எங்கே இருந்ததோ அங்கே தூண் வைத்திருக்கிறார்கள், அதனால் பாலமும் அதன்படி திரும்பியிருக்கிறது. 1939-இல் உள்நாட்டுப் போரின்போது ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டார்கள், பிறகு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்தளத்தில் ரோட் சைக்கிள் ஓட்டுவது சைக்கிளுக்கும் நல்லதில்லை, நடக்கிறவர்களுக்கும் நல்லதில்லை. தள்ளிக்கொண்டே போங்கள்.

பழைய ஊர்களுக்குள் தள்ளிக்கொண்டு போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெராதலாடா என்ற ஊரின் பெயருக்கே வெட்டிய கல் என்றுதான் பொருள். பாறையையே குடைந்து அகழியும் தெருவும் அமைத்த ஊர், வாசல் பக்கம் பாறையில் வண்டிச் சக்கரம் நூற்றாண்டுக் கணக்காக உருண்டு உருண்டு பள்ளம் விழுந்திருக்கிறது. என் இரண்டாவது வருடத்தில், லேசாகத் தூறி நின்ற ஒரு காலையில், முன்சக்கரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. வெளியே எடுக்கத் திருப்பினேன், வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் மெல்லிய விரிசல், ஆறு வாரம் சைக்கிள் இல்லை. அன்று 25 மில்லிமீட்டர் டயர் போட்டிருந்தேன். இப்போது 30. அதற்குப் பிறகு எந்த ஊர் வாசலிலும் இறங்காமல் உள்ளே போனதில்லை.

சைக்கிளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள், பின்னால் 32 பல் வரை இருந்தால் இந்த ஏற்றங்கள் எல்லாவற்றுக்கும் போதும். உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயருக்கு மாறிய பிறகு பஞ்சர் வெகுவாகக் குறைந்தது, குறிப்பாகச் சாலையோர முள்வேலி வெட்டுகிற மாதங்களில்.

காற்றைக் கட்டாயம் பாருங்கள். வடக்கிலிருந்து வருகிற திரமுந்தானா எம்போர்தா சமவெளியில் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் காலையிலேயே வடக்கே எதிர்த்து மிதித்துவிட்டு, களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளுகிற மாதிரி வழியை அமைத்துக்கொள்ளவேண்டும். மாற்றிச் செய்தால் கடைசி 30 கிலோமீட்டர் உயிரை எடுக்கும், சமதரைதானே என்று நினைக்கக் கூடாது. ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, ஆறரைக்கே கிளம்பவேண்டும். என்னைக் கேட்டால் அக்டோபரும் ஏப்ரல், மே மாதமும்தான் பொற்காலம். குளிர்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், சாலையோரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள், அன்று காட்டுப்பாதைப் பக்கம் திரும்பாமல் தார்ச்சாலையிலேயே இருங்கள்.

தண்ணீர்க் கவலை அநேகமாக இல்லை. ஊர்ச் சதுக்கங்களில் குழாய் இருக்கும், பலகையை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். குடிக்க உகந்ததல்ல என்றிருந்தால் தொடவே கூடாது. சுகாதார உத்தரவாதம் இல்லாத நீர் என்றிருந்தால் குளோரின் போடாத ஊற்றுநீராக இருக்கும், ஊர்க்காரர்கள் குடம் வைத்துப் பிடிப்பார்கள், எனக்கும் இதுவரை ஒன்றும் ஆனதில்லை, ஆனாலும் முதல்முறை வருகிறவர்கள் கடையில் வாங்குவதே மேல்.

ஓட்டுநர்கள் விஷயத்தில் எனக்கு இந்த ஊர்மேல் நிஜமான மரியாதை. சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம், இருவர் அருகருகே ஓட்டவும் அனுமதி உண்டு. எதிரில் வளைவு மறைத்தால் டிராக்டரும் லாரியும் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே பொறுமையாக வரும். பதிலுக்கு நாமும் இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி ஒற்றை வரிசையாகி, கை காட்டி அனுப்பவேண்டும். கூட்டமாக வந்து சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு போகிறவர்களைக் கடந்த இரண்டு வருடமாக அதிகம் பார்க்கிறேன், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அறுவடை நேரத்தில் அந்தச் சாலை விவசாயிக்கு வேலை செய்கிற இடம்.

பார்சலோனாவிலிருந்து வருகிறவர்கள் ஆர் 11 ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றிக்கொண்டு வரலாம், அதிவேக ரயிலென்றால் பிரித்துப் பையில் போடவேண்டும். சனிக்கிழமை காலை முதல் வண்டியில் சைக்கிள் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்னதாகவே நடைமேடைக்குப் போய்விடுங்கள். ஜிரோனாவில் இறங்கியதும் பழைய நகரத்தில் ஷுஷோ என்கிற கிரீம் வைத்துப் பொரித்த இனிப்பு ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மொனெல்ஸ் போய்ச் சேருவதற்குள் தேவைப்படும்.