தூளை விடுவதற்கு மூன்று மருந்துகள்: தேயிலைத் தோட்டத்துக்கு எது சரிப்படும்?

ஹெரோயினை, அதாவது நம் பக்கம் தூள் என்கிறோமே அதை, விடுவதற்கு உலகெங்கும் மூன்று மருந்துகள் பாவனையில் உள்ளன: மெதடோன், பியூப்ரினோர்பின், நால்ட்ரெக்ஸோன். அறையில் பூட்டி வைத்துத் தெளியவைப்பதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கும், ஏக்கம் அடங்காது. உடம்பு தாங்கும் அளவும் குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி இழுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.

ஆளைச் சிகிச்சையில் தக்கவைப்பதில் மெதடோன் ஒரு படி மேல். ஆனால் ஆரம்பத்தில் தினமும் தாதிக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டும். மலையகத்தில் பொகவந்தலாவையின் மேல் டிவிசன் (தோட்டப் பிரிவு) ஒன்றில் இருப்பவர் காலை பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்தில்) நிற்பாரா, கிளினிக் வரிசையில் நிற்பாரா? அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போய், பஸ் காசும் போகும். சரி, வீட்டுக்கே தந்துவிட்டால்? ஒற்றை லயக்காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) அந்தப் பாணி மருந்தைப் பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து.

தோட்டத்துக்கு என் தெரிவு பியூப்ரினோர்பின். ஓரளவுக்கு மேல் குளிசையைக் கூட்டினாலும் அதன் வேகம் கூடாது; அதனால் மூச்சடைக்கும் ஆபத்து குறைவு (சாராயத்தோடும் தூக்கக் குளிசையோடும் சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு செல்லாது). ஆள் நிலைப்பட்டதும் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கையில் கொடுக்கலாம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கினால் வீண். முதல் குளிசைதான் சிக்கல். கடைசியாகத் தூள் இழுத்து 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தொடங்கிய பிறகே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்தே வேதனையைக் கிளப்பிவிடும். அப்படிப் பட்டவர் திரும்ப கிளினிக் வாசலை மிதிப்பது கஷ்டம். இதைப் புறப்படும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும்.

நால்ட்ரெக்ஸோன் போதைச்சத்து இல்லாதது என்பதால் குடும்பத்தாருக்குப் பிடிக்கும். தினக் குளிசையை ஆட்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாத ஊசி பரவாயில்லை, ஆனால் அதற்கு முன் 7 முதல் 10 நாள் தூள் தொடாமல் இருக்க வேண்டும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 100க்கு 28 பேரால் ஊசியைத் தொடங்கவே முடியவில்லை. பியூப்ரினோர்பினில் அது 6 பேர்தான். புனர்வாழ்விலிருந்து சுத்தமாக வெளிவருபவருக்கு ஊசி பொருந்தும்.

அப்புறம், “மூன்று மாதத்தில் நிறுத்திவிடலாமா?” என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டாம். வருடக்கணக்கில் எடுப்பதும் வழமைதான். நிறுத்துவதானால் வைத்தியரோடு பேசி, மெதுவாகக் குறைத்துத்தான்.