ஒரு பயணப் புள்ளி அட்டையும் என் கணக்கு நோட்டும்

கணக்கு எழுதுவது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுக்கிறது. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு முன், விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பயணப் புள்ளிகளைச் செலவுக்கேற்பத் தரும் கிரெடிட் கார்டு ஒன்றை வாங்கியபோது, கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கினேன். இந்த விமர்சனம் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது. வங்கியின் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இரண்டின் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு; தவிர, இந்த இன அட்டைகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் ஆண்டு வரவு 71,400 புள்ளிகள். அதில் 50,000 அட்டையில் சேர்ந்ததற்கான போனஸ். மிச்சமிருக்கும் 21,400தான் ஆண்டு முழுவதும் அட்டையைத் தேய்த்ததற்குக் கிடைத்த கூலி. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 1,52,000. மூன்றில் ஒரு பங்கு அந்த முதல் போனஸிலேயே வந்துவிட்டது. புள்ளி சேர்க்க என்ன வழி என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் முதலில் காட்டுகிறேன்.

போனஸுக்கு நிபந்தனை உண்டு: மூன்று மாதத்துக்குள் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத தொலைக்காட்சியை வாங்கி, பிறகு நிலுவை வைத்து வட்டி கட்டுகிறார்கள். வட்டி கட்டிச் சேர்த்த புள்ளி, தண்ணீர் ஊற்றி எடை கூட்டிய பால் மாதிரி. நான் வீட்டுக் காப்பீட்டுக்கும் மகளின் படிப்புக்கும் பணம் கட்ட வேண்டிய மாதம் வரை காத்திருந்து விண்ணப்பித்தேன். எப்படியும் போக வேண்டிய பணம், அட்டை வழியாகப் போனது. அவ்வளவுதான்.

உணவகச் செலவுக்கு மும்மடங்கு புள்ளி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு அருங்காட்சியகத்துக்குள் இருந்த சிற்றுண்டிச் சாலையில் குடும்பத்தோடு சாப்பிட்டேன். வந்தது ஒரு மடங்கு. இரண்டு முறை தொலைபேசியில் பேசிய பிறகு காரணம் தெரிந்தது. அட்டையை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. வங்கி பார்ப்பது அந்த எண்ணைத்தான், நம் தட்டில் என்ன இருந்தது என்பதையல்ல. அந்தச் சிற்றுண்டிச் சாலையின் அட்டை தேய்க்கும் கருவி அருங்காட்சியகத்தின் எண்ணில் பதிவாகியிருந்தது. அன்றிலிருந்து புதிய இடத்தில் முதலில் ஒரு தேநீர் மட்டும் வாங்கி, எந்த வகையில் விழுகிறது என்று பார்க்கிறேன். என் மனைவிக்கு இது தாங்க முடியாத கஞ்சத்தனமாகத் தெரிகிறது.

மூன்றாம் ஆண்டில் வரவு 33,900க்கு ஏறியதற்குக் காரணம் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதே கடை, அதே விலை. ஆனால் வங்கியின் ஷாப்பிங் பக்கத்தில் நுழைந்து அங்கிருந்து கடைக்குப் போனால் கூடுதல் புள்ளி. 9,600 வர வேண்டும், வரவில்லை. என் கணினியில் விளம்பரத் தடுப்பான் இயங்கியதால் நான் எந்த வழியாக வந்தேன் என்பது பதிவாகவில்லையாம். நல்ல வேளை, திரையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். ஏழு வாரம் கழித்துக் கொடுத்தார்கள்.

விமானத்தில் பறந்து புள்ளி சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் ஆதி வழி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கேற்ப மைல் கிடைத்தது. விமானப் புள்ளிக்கு மைல் என்ற பெயரே அப்படித்தான் வந்தது. டெல்டாவும் யுனைடெட்டும் 2015இல், அமெரிக்கன் 2016இல், தூரத்தை விட்டுவிட்டு டிக்கெட் விலையைக் கணக்கில் எடுக்கத் தொடங்கின. மலிவு டிக்கெட்டில் நெடுந்தூரம் போகிற என்னைப் போன்றவனுக்கு அதன் பிறகு வருமானம் சொற்பம். தூரத்தைப் பார்க்கும் கூட்டாளி விமான நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கலாமே என்றால், அங்கே டிக்கெட்டின் கட்டண வகையைக் குறிக்கும் ஒற்றை எழுத்து தடுக்கிறது. என் எழுத்துக்கு நூறு மைல் பறந்தால் இருபத்தைந்துதான்.

பறக்காமலே மைல் சேர்த்தவரும் உண்டு. 1999இல் கலிபோர்னியப் பொறியாளர் ஒருவர் புட்டிங் கோப்பைகளின் பட்டைக் குறியீடுகளை அனுப்பினால் மைல் தரும் சலுகையைக் கண்டு 12,000க்கும் மேற்பட்ட கோப்பைகளை வாங்கினார். குறியீடுகளை உரித்துக் கொடுத்த தொண்டு நிறுவனத்தாருக்கே புட்டிங்கைத் தானமாகக் கொடுத்து, 12 லட்சத்துக்கும் அதிகமான மைல்களைப் பெற்றார். அந்த ரசீதை ஒருமுறை கண்ணால் பார்க்க ஆசை.

சேர்ப்பதைவிடச் செலவழிப்பதில்தான் நான் அடிபட்டேன். வங்கிப் புள்ளிகள் 45,000ஐ, டிக்கெட் எடுப்பதற்காக, விமான நிறுவனத்தில் உள்ள என் புள்ளிக் கணக்குக்கு மாற்றினேன். இனிஷியல் ஓரிடத்தில் பெயருக்கு முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். சரிபார்க்க நான்கு நாள் ஆனது. அதற்குள் புள்ளிக்குரிய இருக்கைகள் தீர்ந்துவிட்டன. மாற்றியதைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது. "இருக்கையைப் பார்த்துவிட்டு, பெயரையும் சரிசெய்துவிட்டல்லவா மாற்ற வேண்டும், அப்பா?" என்றாள் மகள். எட்டு மாதம் கழித்து அதே பயணத்துக்கு 52,000 கேட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. இன்னொரு 7,000 மாற்றினேன். "இலவச" டிக்கெட்டுக்கு வரியும் எரிபொருள் கட்டணமும் ரொக்கமாகக் கட்டியது தனி.

நல்லதையும் சொல்ல வேண்டும். 90,000 புள்ளிக்கு ஒரு இரவு விமானத்தில் பிசினஸ் வகுப்பில் படுத்துக்கொண்டு போனேன். இறங்கியபோது முதுகு வலிக்கவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அந்த இருக்கையின் சந்தை விலையை லாபமாக எழுத என் பேனா ஒப்பவில்லை. காசு கொடுத்து ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டேன். சாதாரண டிக்கெட்டின் விலையைத்தான் வரவில் எழுதினேன். அப்படி எழுதி, நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கழித்த பிறகும் கணக்கு லாபத்தில்தான் நிற்கிறது. முதல் ஆண்டை எடுத்துவிட்டால் நிற்காது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

அடுத்த மாதம் ஆண்டுக் கட்டணம் வருகிறது. சென்ற முறை, அட்டையை மூடப்போவதாகச் சொன்னதும் 5,000 புள்ளி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். இந்த முறை 10,000 கேட்பேன். தராவிட்டால் மூடிவிடுவேன். மூடினால் வங்கியில் கிடக்கும் புள்ளிகளும் கூடவே போய்விடும் என்பதால், மிச்சமுள்ள 10,000ஐ நேற்றிரவே விமானக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். இருக்கையைப் பார்க்காமல்தான். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.