வாட்டராக்ஸ் மார்க்-3: வடக்குக் காட்டுத்தீக்கு 26 கிலோ பம்ப்

கனடாவின் வடக்குக் காடுகளில் தீயோடு மல்லுக்கட்டும் குழுக்களிடம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கிவரும் பம்ப் இது. தயாரிப்பது மொன்றியலில் உள்ள வாட்டராக்ஸ். 185 சிசி ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், நான்கு கட்ட மையவிலக்கு பம்ப், எடை சுமார் 26 கிலோ. உச்ச அழுத்தம் 380 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), உச்ச நீரளவு நிமிடத்துக்கு சுமார் 370 லிட்டர். இந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 380 பிஎஸ்ஐ என்பது நாசிலை முழுக்க மூடியிருக்கும்போது வருவது. 370 லிட்டர் என்பது எதிர்ப்பே இல்லாமல் கொட்டும்போது வருவது. வேலை நடப்பதெல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில், இது எதற்கு ஆகாது என்பது. கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்களில் கிளைகள் தரைவரை தொங்கும். தரைத்தீ அந்தக் கிளைகளில் ஏறி உச்சியைப் பிடித்துவிட்டால் தீமுனைக்கு (முன்னேறிவரும் தீயின் முகப்புக்கு) எதிரே குழாயோடு நிற்பது தற்கொலைக்குச் சமம். தீமுனையின் வீரியம், அதாவது அதன் ஒவ்வொரு மீட்டர் நீளமும் வெளியிடும் வெப்பம், மீட்டருக்கு 500 கிலோவாட்டுக்குள் இருந்தால் கைக்கருவிகளே போதும். ஏறக்குறைய 2,000 வரை பம்பும் குழாயும் தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால் விமானமும் ஹெலிகாப்டரும்தான். 10,000ஐத் தாண்டினால் அவற்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மார்க்-3க்கு உரிய இடம் தீயின் பின்புறமும் பக்கவாட்டும். அதைவிட முக்கியமாக, தீ அடங்கியதுபோலத் தெரிந்த பிறகு வரும் நீண்ட அணைப்பு வேலை. 2016 மே மாதம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ஃபோர்ட் மெக்மரியில் மூண்ட தீ ஏறத்தாழ 5,90,000 ஹெக்டேரைத் தின்றது. கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது அதே ஆண்டு ஜூலையில். முழுதாக அணைந்ததாக அறிவித்தது 2017 ஆகஸ்டில். அந்த இடைவெளிக்குக் காரணம் மண்ணுக்குள் புகைந்துகொண்டே இருக்கும் பாசியும் மக்கிய இலைதழையும்தான். பனிக்காலம் முழுக்க உள்ளே கனன்று, வசந்தத்தில் மறுபடி தலைகாட்டும் தீ அது.

இனி அழுத்தக் கணக்கு. இந்தப் பம்பின் மதிப்பு தெரிவது இங்கேதான். ஏரியிலிருந்து 600 மீட்டர் தூரம், 40 மீட்டர் ஏற்றம், 38 மிமீ உள்ளுறை போட்ட குழாய் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 30 மீட்டர் நீளத்தில் 20 குழாய்கள். 9.5 மிமீ முனை கொண்ட ஒரு நாசில் 50 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு சுமார் 112 லிட்டர் விடும். அந்த ஓட்டத்தில் உராய்வுக்கு ஏறக்குறைய 43 பிஎஸ்ஐ போகும். ஏற்றத்துக்கு 57 (10 மீட்டருக்கு 14 வீதம்). நாசிலுக்கு 50. மொத்தம் 150. மார்க்-3க்கு இது சாதாரண வேலை.

அதே வரிசையில் இன்னொரு நாசிலையும் திறந்தால் கதை மாறிவிடும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு நான்கு மடங்காகும். 43 என்பது 173 ஆகி, மொத்தம் 280ஐத் தொடும். அந்த அழுத்தத்தில் 225 லிட்டர் தர இந்தப் பம்பால் முடியாது. பம்ப் சரியில்லை என்று பழிபோட்டு எஞ்சினைப் பிரிக்கும் ஆட்கள் உண்டு. குற்றம் பம்பில் இல்லை, குழாயில். பக்கத்திலேயே இன்னொரு குழாய் வரிசை போட்டால் ஒரே பம்ப் மட்டுமட்டாகச் சமாளித்துவிடும். குழாய் போதாவிட்டால் வரிசையின் நடுவில் இரண்டாவது பம்பை வைக்க வேண்டும். அப்போது கீழ்ப் பம்பை முதலில் கிளப்பி, மேல் பம்புக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகே அதைக் கிளப்ப வேண்டும். நிறுத்தும்போது மேலே உள்ளதை முதலில். மாற்றிச் செய்தால் மேல் பம்ப் தன் உள்வரும் குழாயையே உறிஞ்சிச் சப்பையாக்கிவிடும்.

களத்தில் இந்தப் பம்ப் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கோளாறு உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கும். 50 மிமீ சக்ஷன் குழாயின் இணைப்பில் வாஷர் தொலைந்திருக்கும், அல்லது மணல் ஒட்டிச் சரியாக உட்காராமல் இருக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் உள்ளே ஏர் வாங்கிக்கொண்டே இருக்கும், பம்பில் தண்ணீர் நிற்காது. ஃபுட் வால்வு (சக்ஷன் குழாயின் அடிமுனை வால்வு) நீர்மட்டத்துக்கு 30 செமீயாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். அடிச்சேற்றையும் தொடக்கூடாது. அடியில் ஒரு மண்வெட்டியையோ வாளியையோ வைத்து அதன்மேல் உட்காரவைப்பதுதான் வழக்கம். மணல் கலந்த தண்ணீர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் உள்சக்கரத்தை) அரித்துவிடும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடியும் அழுத்தம் ஏறாத பழைய பம்புகளின் வியாதி பெரும்பாலும் இதுதான். பம்ப் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உறிஞ்சும் உயரம் 6 மீட்டரை நெருங்கினால் பாதி நேரம் பிரைமிங்கிலேயே (ஓடத் தொடங்க பம்பில் தண்ணீர் நிரப்புவதிலேயே) போய்விடும்.

தண்ணீர் அறுந்தால் பாரமில்லாமல் எஞ்சின் எகிறும். அப்போது அதிவேகத் தடை சுவிட்ச் தானாகவே எஞ்சினை நிறுத்திவிடும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை ரீசெட் செய்தால்தான் மறுபடி கிளம்பும். இது தெரியாமல் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும் புதியவர்களைப் பார்க்கலாம். அந்த சுவிட்சை ஒயர் போட்டுத் தாண்டிவிடும் 'கெட்டிக்காரத்தனம்' மட்டும் வேண்டாம். அடுத்த முறை ஏர் வாங்கினால் எஞ்சினே போய்விடும்.

எரிபொருளில் 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-டி ஆயில் என்பதே இதற்கு நெடுநாள் வழக்கம். 20 லிட்டருக்கு சுமார் 830 மிலி. உங்கள் பம்பின் கையேடு வேறு விகிதம் சொன்னால் அதன்படியே கலக்க வேண்டும். சங்கிலி ரம்பத்துக்கு 50க்கு 1 கலந்த கேனும் அதே முகாமில்தான் கிடக்கும். 24க்கு 1 கேட்கும் பம்பில் அதை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். கேன்களில் பெரிய எழுத்தில் விகிதத்தை எழுதிவைப்பது முக்கியம். கிளப்புவதற்கு முன் கேனின் காற்றுத் திருகைத் திறக்க மறக்கக்கூடாது. சில நிமிடம் ஓடி மூச்சுத் திணறி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கிளப்பியதும் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகே வேகம். நிறுத்துவதற்கு முன்பும் அப்படியே. முழு வேகத்தில் 20 லிட்டர் கேன் அரை நாளுக்குக்கூடக் காணாது.

அணைப்பு வேலைக்கு உயர் அழுத்தம் தேவையில்லை. பாசிப் படலத்தின்மேல் பீய்ச்சினால் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், உள்ளே இறங்காது. தோண்டி, கிளறி, 6 மிமீ முனையில் குறைவாக விட்டு, சேறாகும்வரை குழைக்க வேண்டும். புறங்கையை மண்ணருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது இன்றும் நம்பகமான சோதனை. நனைப்பு நுரை 0.1 முதல் 0.3 சதவீதம் சேர்த்தால் தண்ணீர் நன்றாக ஊறும். அதை வெளியேறும் பக்கத்தில்தான் கலக்க வேண்டும், உறிஞ்சும் பக்கத்தில் கலந்தால் ஏரியில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. நாசிலை மூடி நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிட்டால் பம்புக்குள் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும். சற்றே கசியவிட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. காது அடைக்கும் சத்தம். காதுக்காப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்கவே கூடாது. அதிர்வில் தானே நகர்ந்து தண்ணீரில் விழும், மரத்தோடு கட்டித்தான் ஆக வேண்டும். சைலன்சர் சூட்டில் அடியிலுள்ள சருகே பற்றிக்கொள்ளும் என்பதால் வெறும் மண் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எரிபொருள் சொட்டினால் உறிஞ்ச ஒரு பாயும் தேவை. டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய புகையும் பெட்ரோல் பசியும் உண்டு.

கோடைவீட்டைக் காக்க ஒரு பம்ப் வேண்டும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. நான்கு ஸ்ட்ரோக் சிறு பம்ப் ஒன்றும் கூரைமேல் இரண்டு தெளிப்பான்களும் போதும். ஆயில் கலக்கும் தொல்லையும் இல்லை. சாலையோரமே வேலை என்றாலும் எடை கூடிய நான்கு ஸ்ட்ரோக் பம்பே சௌகரியம். ஆள் முதுகில் சுமந்துபோய், ஒரு மேட்டைத் தாண்டி, அரை கிலோமீட்டருக்கு அப்பால் தண்ணீர் கொண்டுசேர்க்க வேண்டிய குழுவுக்கு, இந்த எடையில் இவ்வளவு அழுத்தம் தரும் மார்க்-3ஐத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வாங்கும்போது உதிரி ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, குழாய்ச் சாவி, ஒரு டஜன் வாஷர் ஆகியவற்றையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இலையுதிர்காலத்தில் இரவு உறைபனி விழும் இடமென்றால், மாலையில் பம்பிலிருந்து கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் பனிக்கட்டியானால் பம்பின் உடல் விரிந்து வெடித்துவிடும்.