டிரான்ஸ்போமர் இருக்கிறது என்றார். 28,500 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலைதான் பெட்டியைத் திறந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 28,500 ரூபாய். இணையத்தில் வானொலிச் சாமான் விற்கும் ஒரு பக்கத்தை நம்பிக் கட்டிய பணம்.

என்னிடம் இருப்பது பழைய எஃப்டி-857 அமெச்சூர் வானொலி செட். அதற்குள் சவுண்ட் கார்ட் கிடையாது. எஃப்டி8, அதாவது கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் வானொலி முறை, செய்வதென்றால் கணினிக்கும் செட்டுக்கும் நடுவே இன்டர்ஃபேஸ் என்ற இணைப்புப் பெட்டி ஒன்று வேண்டும். உவர்மலையில் வீடு, கூரைக்கு மேலே டைபோல் அன்டெனா, எல்லாம் தயாராக இருந்தன. இது ஒன்றுதான் குறை.

விற்பவர் தாமாகவே அழைத்தார். “அண்ணா, ஒலி போகிற வழிக்கு ஒரு டிரான்ஸ்போமர், வருகிற வழிக்கு ஒன்று, பிடிடிக்கு ஒப்டோகப்ளர். கணினியின் கிரவுண்டும் செட்டின் கிரவுண்டும் எங்கேயும் தொடாது.” பிடிடி என்பது செட்டை அனுப்பும் நிலைக்கு மாற்றும் இணைப்பு. டிரான்ஸ்போமரும் ஒப்டோகப்ளரும் சிக்னலை மட்டும் கடத்தி, இரு பக்கத்தையும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரித்து வைக்கும். மூடியைக் கழற்றி எடுத்த படத்தையும் அனுப்பினார். இரண்டு டிரான்ஸ்போமர்களும் அதில் பளிச்சென்று தெரிந்தன. விஷயம் தெரிந்த மனிதர், நம்மில் ஒருவர் என்று நினைத்தேன். அன்றே வங்கிக்குப் போய் முழுப் பணத்தையும் கட்டினேன்.

பொருத்தியதும் செட்டில் ஒரே இரைச்சல். எஃப்டி8 அலைவரிசையான 14.074 மெகாஹேர்ட்ஸில் 50 வாட்ஸ் கொடுத்தேன். யூஎஸ்பி இணைப்பு அறுந்தது, செட்டோ அனுப்பும் நிலையிலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தியிராவிட்டால் செட்டும் போயிருக்கும். பிறகு மல்டிமீற்றரின் ஒரு முனையை யூஎஸ்பி உறையிலும் மறு முனையை செட்டுக்குப் போகும் வயரின் கிரவுண்டிலும் வைத்தேன். பீப் என்றது, இரண்டு கிரவுண்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. திருகாணிகளைக் கழற்றினால், டிரான்ஸ்போமர் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் துண்டுக் கம்பிகளை வளைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள்! படத்தில் இருந்த பெட்டி வேறு, எனக்கு வந்தது வேறு.

அழைத்தேன். முதலில் “டிரைவர் மென்பொருளை மாற்றிப் பாருங்கள் அண்ணா” என்றார். கம்பியைப் படமெடுத்து அனுப்பினேன். “திருகாணியைக் கழற்றிவிட்டீர்கள், இனி உத்தரவாதம் இல்லை” என்று பதில் வந்தது. அரை மணி நேரத்தில் அண்ணா “மிஸ்டர்” ஆகிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். 28,500 ரூபாய்க்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூட என் கையில் இல்லை.

எந்த இன்டர்ஃபேஸை எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது பாருங்கள்: ஐசி-7300 போல உள்ளேயே சவுண்ட் கார்டும் யூஎஸ்பியும் உள்ள செட் வைத்திருந்தால் இதற்குப் பணமே செலவழிக்காதீர்கள், ஒரு கேபிள் போதும். மற்றவர்கள், இரு பக்கக் கிரவுண்டுக்கும் நடுவே மீற்றர் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பீப் என்றால் வேண்டாம். சாமான் கைக்கு வருமுன் பணம் கட்டாதீர்கள். பொதியைப் பிரிக்கும்போதே படமெடுங்கள்.

அந்தப் படம் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதே விலையோடு.