எந்த ஜேம்ஸ்டவுன்? நாலாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு ஓர் அலசல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாலாம் வகுப்பில் மாநில வரலாறு பாடமாக வருகிறது. அதனால் அந்த வருடம் பிள்ளைகளை, ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் முதன்முதலில் நிலையாகக் குடியேறிய ஜேம்ஸ்டவுன் இருக்கும் ஜேம்ஸ் ஆற்றுப் பக்கம் கூட்டிப்போகும் பேச்சு வந்துவிடும். எங்கே போவது என்பதில்தான் குழப்பம். ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’, ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ இரண்டும் ஒரே இடம் என்று நினைப்பவர்கள் நிறைய. பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் நிர்வாகமும் டிக்கெட்டும் வேறு வேறு. மூன்றாவது, சற்றுத் தள்ளி இருக்கும் வில்லியம்ஸ்பர்க்.

செட்டில்மென்ட் முழுக்க முழுக்க மாதிரி. 1607இல் ஆங்கிலேயர்கள் வந்திறங்கியதன் 350ஆம் ஆண்டையொட்டி 1957இல் திறந்தார்கள். மாநில அரசு நடத்துகிறது. மாதிரிதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கரையில் கட்டியிருக்கும் மூன்று கப்பல்களில் மிகச் சிறியது ‘டிஸ்கவரி’. அதன் மேல்தளத்தில் நின்று பார்த்தால், இதிலா அட்லான்டிக்கைத் தாண்டினார்கள் என்று பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். 1606 டிசம்பரில் கிளம்பியவர்கள் மறு வருடம் மே மாதம்தான் இங்கே இறங்கினார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான பௌஹாட்டன் மக்களின் கிராமத்தில் கோரைப்பாய் வேய்ந்த வீடுகளுக்குள் நுழையலாம். சிப்பி ஓட்டால் மான்தோலைச் சுரண்டிப் பார்க்கலாம். கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்துக் காட்டுகிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்தான் அசல் மண். தேசியப் பூங்காத் துறையும் ‘பிரிசர்வேஷன் வர்ஜீனியா’ என்ற அமைப்பும் சேர்ந்து பராமரிக்கின்றன. பழைய கோட்டையை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ தோண்ட ஆரம்பித்தார். சுவராக நட்ட மரக்கட்டைகள் மக்கிப்போய் மண்ணில் விட்டிருந்த கருந்தடங்களை வைத்தே கோட்டைச் சுவர் ஓடிய இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பௌஹாட்டன் தலைவரின் மகள் போகஹான்டஸுக்குக் கல்யாணம் நடந்த தேவாலயம் இருந்த இடமும் அப்படித்தான் கிடைத்தது. 1619இல் வந்த ஆப்பிரிக்கர்களில் ஒருத்தியான ஆஞ்செலா வேலை செய்த வீட்டு மனையையும் தோண்டியிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், மேலோட்டமாகப் பார்த்தால் இங்கே புல்வெளியும் செங்கல் கோபுரமும்தான் பெரிதாகத் தெரியும். நல்ல வழிகாட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் அரை மணியில் சாப்பாட்டைக் கேட்பார்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1609-10 பஞ்சக் குளிர்காலத்தில் இறந்த, 14 வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் மண்டையோடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘ஜேன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள வெட்டுத் தடங்கள், பசியில் மனிதர்கள் மனித உடலையே தின்றதற்குச் சாட்சி. ஏழாம் வகுப்புக்கு இது பெரிய பாடம். நாலாம் வகுப்பில் சில பிள்ளைகள் ராத்திரி தூங்க மாட்டார்கள்.

சரி, வில்லியம்ஸ்பர்க்? அழகான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் ஆரம்பகாலம் என்று கேட்டால் இது வேறு நூற்றாண்டு. 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரமாக இருந்தது; இன்று நாம் பார்ப்பது கோடீஸ்வரர் ராக்கஃபெல்லரின் பணத்தில் 1920களில் தொடங்கிய மீட்பு வேலை. கொல்லர், அச்சுக்கூடம், டோப்பா செய்கிறவர் என்று ஒவ்வொரு பட்டறையிலும் நின்று கேட்க விஷயம் இருக்கிறது. அப்போது ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். 1760இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடத்தையும் சமீபத்தில் அடையாளம் கண்டு இங்கே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் தவறவிடக் கூடாது. மற்றபடி, அமெரிக்கப் புரட்சியைப் படிக்கிற வகுப்பு வரும்வரை இந்த ஊர் காத்திருக்கலாம்.

ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டால் தடுத்துவிடுங்கள்; பிள்ளைகளுக்குப் பஸ் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். என் ஓட்டு, காலையில் செட்டில்மென்ட், மதியத்துக்கு மேல் அசல் கோட்டை. கப்பலில் ஏறி இறங்கிய பிறகுதான் வெறும் மண்தடத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை வருகிறது. பள்ளி ஒன்றுக்குத்தான் காசு தரும் என்றால் செட்டில்மென்ட்டே போதும், அசல் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை நீங்களே கூட்டிப்போங்கள். கோடையில் வேண்டாம். ஆற்றங்கரைச் சதுப்பு, கொசு பிய்த்துவிடும்.